எடையில்லாத யானை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையை முன்னிட்டு வெளியாகியிருக்கும் குடும்ப சாகசப் படம் ஒன்றை வேலூர் திரையரங்கில் பிள்ளைகளோடு பார்த்தேன். கதையில் பெரிய குறை இல்லை. ஆனால் கணினியில் உருவாக்கிய யானை மதம்பிடித்து ஓடிவரும்போது, பயப்பட வேண்டிய அரங்கம் சிரித்தது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து மக்களுக்கு யானையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கிவந்து பயிரை மிதித்துப் போகும் யானைகளை அறிந்தவர்கள் அவர்கள். எவ்வளவு விரைந்தாலும் யானையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை. நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்தை ஒட்டியே பின்கால் பதியும். உடலின் பாரம் இறங்கும்போது பாதம் அகன்று, தூக்கும்போது சுருங்கும். படத்து யானையோ குதிரையைப் போலத் தாவுகிறது. அதன் காலடியில் புழுதி எழவில்லை, புல் மடியவில்லை. சிறுவர்களின் நிழல் ஒரு பக்கம் விழ, யானையின் நிழல் வேறு பக்கம் விழுகிறது. திரையின் ஓரத்தில் ‘கிராபிக்ஸ்’ என்று எழுத்தும் போட்டிருந்தார்கள்; போடாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2001ஆம் ஆண்டு விதிகளின்படி, விலங்குகளை நடிக்க வைப்பதற்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அது நியாயமானதே, ‘நல்ல நேரம்’ (1972) காலத்தைப்போல உண்மை யானைகளைப் பழக்கி நடிக்க வைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் நல்ல கிராபிக்ஸ் செய்யப் பணம் போதவில்லை என்ற சமாதானத்தை ஏற்க முடியவில்லை. கணினியே இல்லாத 1957இல் ‘மாயா பஜார்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவிலேயே செய்த விருந்துக் காட்சியை இன்றைய பிள்ளைகளும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கணினி டைனோசர்கள் தோன்றுவது சில நிமிடங்களே. பல காட்சிகளில் இயந்திரப் பொம்மைகள்தான் நடித்தன, டி-ரெக்ஸ் என்ற கொடிய டைனோசர் முதலில் வருவதும் மழை கொட்டும் இரவில்தான். எதைக் காட்டாமல் விடுவது என்று முடிவு செய்யக் கூடுதல் பணம் தேவையில்லை. நம் இயக்குநரோ உச்சி வெயிலில், முழு உருவத்தோடு, காட்சிக்குக் காட்சி யானையை நிறுத்திவைக்கிறார். மூங்கில் புதர் அசைவதையும் பிளிறலையும் மட்டும் தந்திருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடுங்கியிருப்பார்கள்.

தங்கள் நாளிதழின் திரை விமர்சனத்திலும் ‘கிராபிக்ஸ் சுமார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், எந்தக் காட்சியில் என்ன பிழை என்று விளக்கி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்