நோட்டுகளைக் காய வைத்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் கல்லூரியின் சிறுகதைப் பட்டறை நேற்று சாயங்காலம் நல்லபடியாக முடிந்தது. 2023 டிசம்பர் 21-இல் தொடங்கியிருக்க வேண்டியது. அந்த டிசம்பர் வெள்ளத்தால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது என்று நெல்லைக்காரர்களுக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று கேள்விப்பட்டபோது பட்டறையைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனில் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

கீழ்த்தளம் சேறாகிக் கிடந்தபோது மாடி அரங்கைத் திறந்துவிட்ட முதல்வர், நாற்காலி சுமந்த பழைய மாணவர்கள், வழிச்செலவைக்கூட வாங்க மறுத்து இரண்டாவது தேதிக்கும் வந்து நின்ற எழுத்தாளர்கள், மூன்று நாளும் சமைத்துப் போட்ட விடுதி அக்காமார், எல்லோருக்கும் மனதார நன்றி. ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக.

ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் நாங்கள் கூடுகிறோம். ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள், எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. நோட்டில் வலது பக்கம் கதை. இடது பக்கம் நண்பர்கள் பென்சிலால் எழுதும் குறிப்பு. அப்படி 37 நோட்டுகள். அவற்றைக் கீழ்த்தட்டில் வைத்தது நான்தான். வெள்ளம் வடிந்து கதவைத் திறந்தபோது செங்கல் கனத்தில் ஊறிக் கிடந்தன.

வண்ணார்பேட்டையில் எங்கள் ரெக்கார்டு நோட்டுகளைப் பைண்டு செய்யும் அண்ணாச்சியிடம் ஒரு யோசனை கேட்கத்தான் போனேன். அவர் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்து, தைத்து வைத்திருந்த புத்தகங்கள் வாசலில் குவிந்து கிடந்தன. கேட்கவே கூச்சமாக இருந்தது. ‘பரவாயில்லை அண்ணாச்சி, திரும்ப எழுதச் சொல்லிடலாம்’ என்று நானே பின்வாங்கினேன்.

அவர் ஒரு நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ‘திரும்ப எழுதுனா கதை வரும் சார். பிள்ளேளு அடிச்சதும் திருத்துனதும் வராதுல்லா’ என்றார்.

ஆறு மாதமாக நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். அன்றைக்கு அதை மறந்திருந்தேன்.

கரண்ட் இல்லை, காற்றாடி இல்லை. வீட்டு மாடியில் நைலான் கட்டிலைப் போட்டு, கீழேயும் காற்றுப் போகும்படி நோட்டுகளைப் பரப்பினார். வெயிலில் வைக்கவே விடவில்லை. தாள் ஒன்றோடொன்று ஒட்டி முறுகிவிடுமாம். பக்கத்துக்குப் பக்கம் அச்சேறாத வெள்ளைத்தாளைச் செருகி, அது ஈரத்தை இழுத்ததும் உருவிவிட்டு வேறு தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். காய்ந்த பிறகு பலகை வைத்து அழுத்தி, பிரிந்தவற்றைத் திரும்பத் தைத்து, பூச்சி வராமல் இருக்கத் துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையில் அட்டை ஒட்டினார். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியதும் பென்சில் குறிப்பும் அப்படியே இருந்தன. ஜெல் பேனாவில் எழுதியது மட்டும் நீலக் கறையாகிவிட்டது.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். ‘அது கெடக்கட்டும். அந்த ஆச்சி பாம்படத்தக் கழத்துனாளா, இல்லையா?’ என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. தாள் மாற்றுகிறபோது வாசித்திருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மாணவி ஒருத்தியின் கதை அது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக, காதில் தொங்கும் பாம்படத்தை விற்க ஆச்சி நகைக்கடைப் படியில் போய் உட்காருகிறாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வெறும் கறை.

அந்தப் பெண் வீட்டில் சேறு அள்ளி முடித்துவிட்டு, இரண்டாம் நாள்தான் பட்டறைக்கு வந்தாள். நோட்டைக் கொடுத்து, அண்ணாச்சி கேட்டதையும் சொன்னேன். முன்பு என்ன எழுதினோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. ‘யாரோ ஒருத்தர் கேட்டாராக்கும் சார்?’ என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து புதிதாக எழுதினாள். நேற்று அதை வாசித்தபோது, கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணாச்சி அரங்கின் பின்வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

ஆச்சி கழற்றவில்லை. ஆசாரி நகையைத் தொடாமலே பணத்தை எடுத்து வைக்கிறார்.

அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கூலி இன்னும் வாங்கவில்லை நீங்கள். பிள்ளைகளின் முதல் தொகுப்பு வரும்போது அதன் முதல் பிரதி உங்கள் கைக்குத்தான் வரும், இது என் வாக்கு. இனி எந்த நோட்டும் கீழ்த்தட்டில் இருக்காது.

அடுத்த கூடுகை பிப்ரவரி 10, சனிக்கிழமை, அண்ணாச்சியின் வீட்டு மாடியில். அவரே இடம் தருகிறேன் என்றார். நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் கொண்டு வாருங்கள்.