நிலநடுக்கச் செய்தியில ஆழத்தையும் போடுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடில ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு சோஷியல் டியூஷன் எடுக்குறேன், பேப்பர்ல வர்ற நிலநடுக்கச் செய்திய வெட்டி வச்சு பாடம் நடத்துறது வழக்கம், ஆனா ரிக்டர்ல எவ்ளோ, எத்தனை பேர் பலி, அதோட செய்தி முடிஞ்சிருது, எத்தனை கிலோமீட்டர் ஆழத்துலங்கறது பாதி நாள் இருக்கறதே இல்ல.

2015ஐ எடுத்துக்கங்க. ஏப்ரல் 25 நேபாளத்துல 7.8, கிட்டத்தட்ட 9,000 பேர் செத்தாங்க. அதே வருஷம் அக்டோபர் 26 ஆப்கானிஸ்தான் இந்துகுஷ் மலைல 7.5, பலி சுமார் 400. பாயிண்ட் மூணுதானே சார் கம்மி, எப்படின்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். ஸ்கேல்ல ஒரு நம்பர் ஏறுனா வெளிய வர்ற சக்தி சுமார் 32 மடங்கு, அதனால பாயிண்ட் மூணே கிட்டத்தட்ட மூணு மடங்கு வந்துரும், ஆனா பெரிய விஷயம் ஆழம்தான். நேபாளத்துல பாறை உடைய ஆரம்பிச்ச இடம் சுமார் 10, 15 கிமீ ஆழம், இந்துகுஷ்ல 200 கிமீக்கும் அதிக ஆழம். இப்படி பாறை உடைய ஆரம்பிக்கற இடம்தான் நிலநடுக்க மையம், அதுக்கு நேர் மேல தரைல இருக்கறது வெளி மையம், ஆழத்துலருந்து அலை மேல வர்றதுக்குள்ள பரவி பலம் கொறஞ்சிரும், ஆனா ரொம்ப தூரத்துக்கு ஆட்டம் தெரியும், அன்னைக்கு டெல்லில கூட ஜனங்க ஆபீஸ விட்டு வெளிய ஓடியாந்தாங்க. ஒரு ஊர்ல எவ்ளோ ஆடுச்சு, எவ்ளோ சேதம்னு மெர்கலி ஸ்கேல்ல 1லருந்து 12 வரைக்கும் போடுற தீவிரம் இப்படித்தான் ஊருக்கு ஊரு மாறும், ரிக்டர் நம்பர் ஒரு நடுக்கத்துக்கு ஒண்ணுதான்.

நம்ம பக்கம் கெட்டிப் பாறை, ஒண்ணும் ஆகாதுன்னு பேசுறவங்களுக்கு 1993 செப்டம்பர் 30 மகாராஷ்டிரா லத்தூர் பக்கம் கில்லாரில வந்த நிலநடுக்கம் ஞாபகம் இருக்கணும். அதுவும் தக்காணம்தான், வெறும் 6.2, ஆனா ஆழமே இல்லாத நடுக்கம், விடியக்காலம் நாலு மணி வாக்குல எல்லாம் தூங்கிட்டு இருந்தாங்க, கிட்டத்தட்ட 10,000 பேர் போயிட்டாங்க. (இங்க சிலர் எங்க வீட்டுச் சுவரு ரெண்டடி கனம்னு பெருமை பேசுவாங்க, கில்லாரில ஜனங்க மேல விழுந்ததே மண்ணு வச்சு அடுக்குன கனத்த கல்லுச் சுவருதான்.)

டெல்லி தேசிய நில அதிர்வு மையம் குடுக்குற தகவல்லயே ஆழம் இருக்கு, டெஸ்க்ல வெட்டிடறாங்க போல. ஒரு வரி போதும். இடம் இருந்தா மையத்தையும் வெளி மையத்தையும் சின்னதா படமா போட்டுடுங்க, பசங்க நோட்டுல ஒட்டிக்குவாங்க.

இப்படிக்கு,
டியூஷன் வாத்தியார்,
காரைக்குடி