மாடிச் சாவி தந்தவர் முதல் சாணம் தந்தவர் வரை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

கடந்த கல்வியாண்டில், வேலூரை அடுத்த எங்கள் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 24 பேரும், டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் ஒரு பள்ளியைச் சேர்ந்த அவர்கள் வயதுப் பிள்ளைகளும், ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு சூரியத் தகடு, சிறு காற்றாடி, சாண எரிவாயுக் கலன் ஆகிய மூன்றையும் தத்தம் ஊரில் தம் கையாலேயே அமைத்து, மாதக்கணக்கில் அளவெடுத்து, அந்த அளவுகளைப் பரிமாறிக்கொண்டார்கள். நிறைவு நாளில் மேடையில் பொன்னாடை போர்த்தப்பெற்றவர்களில் பலருக்கு இதில் பங்கில்லை என்பதும், பங்குள்ளவர்களில் பலர் அந்நேரம் தத்தம் வேலையில் இருந்தார்கள் என்பதும் மனத்தை உறுத்தியதால், இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, மொட்டை மாடிச் சாவியை எங்களிடம் ஒப்படைத்த தலைமையாசிரியை அம்மாவுக்கு. பிள்ளைகளை மாடிக்கு அனுப்புவதென்றால் எந்தப் பள்ளியிலும் தயக்கம் இருக்கும். கைப்பிடிச் சுவரை இரண்டு வரிசை உயர்த்தினால்தான் சாவி என்றார். உயர்த்தியதும் சொன்னபடியே தந்தார்.

சுவரை உயர்த்தித் தந்த கொத்தனார் எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை. வேலூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால் தகட்டைத் தெற்கு நோக்கி அதே அளவு சாய்க்க வேண்டும்; டென்மார்க் 56 பாகையில் இருப்பதால் அவர்கள் தகடு செங்குத்தாக நிற்பதுபோல் படத்தில் தெரிந்தது. கோணமானியோடு பிள்ளைகள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, "தரையில ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டி தூக்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்று அவர் கேட்டார். கணக்குப் போட்டு 23 என்றார்கள். நூலும் ரசமட்டமும் வைத்து ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். முக்கோணவியலில் 'டேன்' (உயரத்தைத் தரை நீளத்தால் வகுத்த விகிதம்) என்றால் என்ன என்பதை நான் இரண்டு வாரம் கரும்பலகையில் சொல்லியும் பிடிபடாத பிள்ளைகளுக்கு அன்று பிடிபட்டது என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் தகடு நிறைய மின்சாரம் தரும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆனால் சிலிக்கான் தகடு 25 பாகை வெப்பத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கும். நண்பகலில் எங்கள் தகட்டின் முதுகு 60 பாகையைத் தாண்டியதால், ஏழில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. தகர வீட்டில் வாழும் ஒரு மாணவி, தன் பாட்டி கோடையில் கோணிப்பையை நனைத்துக் கூரைமேல் விரிப்பது வழக்கம் என்று சொல்லி, ஈரக் கோணியைத் தகட்டின் பின்புறம் கட்டலாமா என்று கேட்டாள். கட்டினோம். மல்டிமீட்டரில் 19.4 வோல்ட் காட்டிய முள் பத்து நிமிடத்தில் 20.3-க்கு நகர்ந்தது. இந்த அட்டவணையைக் கண்ட டென்மார்க் பிள்ளைகள் முதலில் கேட்டது, கோணிப்பை என்றால் என்ன என்பதுதான். அந்தப் பாட்டிக்கும் பேத்திக்கும் எங்கள் நன்றி.

தகட்டுக்குப் பகையான வெயில் சாணக் கலனுக்கு உறவாயிற்று. சாணத்திலிருந்து மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் உகந்தது. ஜனவரியில் டென்மார்க் பிள்ளைகள் தங்கள் கலனைக் கம்பளியால் சுற்றி அறைக்குள் வைத்துக் காத்திருந்தபோது, எங்கள் 200 லிட்டர் பீப்பாய் வெட்டவெளியில் நின்றபடியே பொங்கியது. நாள்தோறும் காலையில் ஒரு வாளிச் சாணம் எடுத்து வைத்த பால்காரம்மாவும், அரிசி கழுவிய நீரையும் மிச்சச் சோற்றையும் தனியே சேர்த்து வைத்த சத்துணவுக் கூடத்து அக்காவும் ஒரு நாளும் தவறவில்லை. முதலில் வந்த வாயு எரியவே இல்லை. தொடக்கத்தில் கரியமில வாயுதான் மிகுதியாக வரும் என்று நான் விளக்கியபோது, பிள்ளைகளின் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. பதினேழாம் நாள் நீலச் சுடர் எழுந்தது. அதில் அந்த அக்காவே நான்கு பேருக்குத் தேநீர் வைத்தார். சாணத்தில் வைத்த தேநீரைக் குடிக்க மாட்டோம் என்ற இருவரும் பிறகு வாங்கிக் குடித்தனர்.

காற்றாடியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றாடி சுழற்றும்போது மின்சாரம் தரும் மோட்டாரைத் தருவதாக வாக்களித்த ஒரு நிறுவனம் மூன்று மாதம் இழுத்தடித்ததில் ஆடிக் காற்று எங்களைக் கடந்தே போய்விட்டது. பின்னர் காயலான் கடைக்காரர் ஒருவர் பழைய மோட்டார் ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தார். பிவிசி குழாயை அறுத்து இறக்கை செய்யவும், கம்பத்தைப் பற்றவைக்கவும், இரவு ஒன்பது மணி வரை தம் வெல்டிங் பட்டறையைத் திறந்து வைத்தார் பாய். கார்த்திகையில் ஒரு புயல் நாளில் மட்டும் அது விளக்கெரித்தது. அன்றே ஓர் இறக்கையும் முறிந்தது. மற்ற நாள்களில் அசையவில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்பதை மாணவர்கள் இப்படித்தான் கற்றார்கள். தாழ்வாக எண்ணி வெற்று நாள்களை எழுதாமல் விட்ட எங்கள் பிள்ளைகளிடம், சுழியத்தையும் சுழியமாகவே எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்ட டென்மார்க் ஆசிரியருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 1891-இல் டென்மார்க்கின் அஸ்கோவ் ஊரின் பள்ளியில் காற்றாலை கொண்டு மின்சாரம் எடுத்து, பின்னாளில் நாட்டுப்புற இளைஞர்களுக்கு மின்பணி பயிற்றுவித்த பவுல் லா கூர் என்ற ஆசிரியரைப் பற்றி அவர் காணொளியில் சொன்ன நாளில், எங்கள் பிள்ளைகள் மணி அடித்ததையும் கவனிக்கவில்லை.

மாலை ஆறரை வரை பெண் பிள்ளைகள் பள்ளியில் தங்க இசைந்த பெற்றோருக்கும், காட்பாடி சாலை வரை அவர்களைப் பேருந்தேற்றி விட்ட இரவுக் காவலர் ஐயாவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பீப்பாயும் தகடும் புதிய ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பில் இருக்கின்றன. ஆடிக்கு முன்பே இறக்கையை மாற்றிவிட வேண்டும் என்று அவர்கள் இப்போதே அவசரப்படுகிறார்கள். பாய் அவர்களின் 12–13 ஸ்பேனர் இன்னும் எங்கள் ஆய்வகத்து மேசையறையில்தான் இருக்கிறது. அந்த வேலை முடிந்ததும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியர்,
வேலூர் மாவட்டம்.