கதவணைகளில் மீனுக்கும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் கதவணைகளும் தடுப்பணைகளும் கட்டப்படுவது பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வருகின்றன. நிலத்தடி நீர் பெருகும், உப்புநீர் உள்ளே ஏறாது என்பதால் கொள்ளிடக் கரையில் வாழும் என் போன்றோர் அவற்றை வரவேற்கிறோம். ஆனால் இந்தச் செய்திகளில் மீன் ஏறுவதற்கான வழி என்ற பேச்சு எழுந்து நான் படித்ததில்லை.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் வாளையும் கெளுத்தியும் கெண்டையும் முட்டையிட இடம் தேடி நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். பறி வைத்து 'ஏத்து மீன்' பிடித்த பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் உள்ளம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் வருவது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கோ இதிலும் நேர்மாறாக, கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆறேறி வந்து நன்னீரில் வளர்கிறது. இவற்றுக்கு ஆற்றின் குறுக்கே எழும் இரண்டு மீட்டர் சுவர்கூட வழி அடைபட்டதற்குச் சமம்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குறையும் அன்று. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். இந்திய நன்னீர் மீன்வளம் பற்றி 1873-இல் அறிக்கை தந்த பிரான்சிஸ் டே, அணைகளில் மீன்வழி அமைக்க வேண்டும் என்று அப்போதே வலியுறுத்தினார். கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கிய பின், அலகாபாத் வரை ஏறிவந்த உள்ளம் மேற்பகுதியில் ஏறக்குறைய அற்றுப்போனது. தாலியை விற்றாவது தின்ன வேண்டும் என்று கோதாவரிக்காரர்கள் சொல்லும் புலசாவும் இதே மீன்தான். தவளேஸ்வரம் அணையைத் தாண்டி அதனால் போக முடிவதில்லை.

மீன்வழி என்றதும் குளிர்நாட்டு சால்மனுக்காகக் கட்டப்படும் படிக்கட்டுகளை அப்படியே எடுத்துவந்து வைத்துவிடக் கூடாது. சால்மன் துள்ளித் தாண்டும். உள்ளம் அப்படித் துள்ளுவதில்லை. நம் மீன்களுக்குச் சரிவு குறைந்த, அகலமான தொட்டிகளை நெடுக்குப் பிளவுகளால் இணைத்த வாய்க்கால் வேண்டும், அல்லது இடம் இருந்தால் அணையைச் சுற்றிக் கற்கள் பரப்பிய ஓடை ஒன்று வேண்டும். அதன் வாய், மீன்கள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் அணையின் அடிவாரத்தை ஒட்டியே அமைய வேண்டும். ஐம்பது மீட்டர் கீழே தள்ளி வைத்தால் ஒரு மீனும் அதைக் கண்டுகொள்ளாது.

ஏற்கெனவே உள்ள அணைகளில் செய்யக்கூடியவையும் உண்டு. எல்லாக் கதவுகளையும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கினால் அடியில் பீறிடும் நீரின் வேகத்தை எந்த மீனும் எதிர்க்க முடியாது. கரையோரக் கதவு ஒன்றிரண்டை முழுவதும் உயர்த்தினால் அந்த வேகம் தணியும். ஓரிடத்தில் மட்டும் நீர் பாய்ந்தால் படுகை அரிக்குமே என்று பொறியாளர்கள் தயங்குவது நியாயமே. எந்த அளவு வெள்ளத்துக்கு எந்தக் கதவு என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும். சிறு ஓடைத் தடுப்பணைகளின் கீழ்ப்புறத்தில் பெருங்கற்களை இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் அடுக்கினாலே போதும். விலாங்குக் குஞ்சுகள் ஈரமான சொரசொரப்பான பரப்பில் ஊர்ந்தே ஏறிவிடும் என்பதால், ஐரோப்பாவில் தூரிகை இழைகள் பதித்த சாய்பலகைகளை அவற்றுக்காக வைக்கிறார்கள்.

வழி அமைத்தாலும், அதன் வாயிலில் வலை விரித்தால் பயனில்லை. அணையின் கீழே திகைத்து நிற்கும் மீனை அள்ளுவது இன்று மிக எளிது. கேரளத்தில் 'ஊத்த' எனப்படும் மழைக்கால மீனேற்றத்தின்போது மீன் பிடிக்கச் சட்டத் தடை உண்டு. இங்கும் புதுத் தண்ணீர் வரும் முதல் சில வாரங்களுக்காவது, அணைகளின் அடிவாரத்தில் மட்டுமாவது, மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கலாம். அந்த நாட்களில் வருமானம் இழக்கும் உள்நாட்டு மீனவர்களுக்கு உதவித்தொகையும் வழங்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்தபின் புதிய கதவணை எழுந்தது. இனி வரும் பணிகளிலாவது, வரைபடம் இறுதியாவதற்கு முன்பே மீன்வளத் துறையின் கருத்தைப் பெற்று, மீன்வழிக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்குமாறு நீர்வளத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரை வாசகர் ஒருவர்