வகுப்புக்கு ஒரு வலைப்பூ

அன்புள்ள மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரையும் இணையத்தில் வலைப்பூவில் (பிளாக்) எழுத வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் மனசு நிறைந்துபோயிற்று. போனில் பேசித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

ஆளுக்கொரு வலைப்பூ வேண்டாம். அப்படித் தொடங்கினால் படிக்க ஆளில்லாமல் இரண்டே பதிவில் நின்றுபோகும். வகுப்புக்கு ஒன்று போதும். எட்டெட்டுப் பேராக ஐந்து குழு பிரி. வாரம் ஒரு குழு எழுதட்டும். மற்ற 32 பேரும் பதிவுக்குக் கீழே மறுமொழி (கமென்ட்) எழுதட்டும். பாடம் நடப்பதே அந்த மறுமொழியில்தான். கட்டுரை நோட்டைப் படிப்பது டீச்சர் ஒருவர்தான், அதுவும் மார்க் போடுவதற்காக. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை "இது எனக்குப் புரியலையே" என்று கேட்டால்தான் எழுதியவன் தன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்ப்பான்.

சொல்லிக்கொடுக்காமல் விட்டால் "சூப்பர்", "அருமை" இரண்டைத் தவிர வேறு வராது. அதனால் முதல் வாரம் பதிவே வேண்டாம், மறுமொழி எழுத மட்டும் பழக்கு. "சந்தை மிகவும் அழகாக இருந்தது. நிறையக் காய்கறிகள் இருந்தன" என்று போர்டில் எழுதிவிட்டு, எழுதியவரிடம் என்ன கேட்கலாம் என்று கேள். எந்தக் காய்? யார் விற்றார்? காலையில் என்ன விலை, சாயங்காலம் என்ன விலை? பிறகு இதைக் காட்டு: "காலையில் கிலோ 40 ரூபாய்க்கு விற்ற முள்ளுக் கத்தரிக்காயை, விளக்கு வைக்கிற நேரத்தில் 20 ரூபாய்க்குக் கூவிக் கொடுத்தார்கள்." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மறுமொழிக்கு மூன்று வாக்கியம் போதும்: பதிவில் பிடித்த ஒரு வரி, ஒரு கேள்வி, தனக்குத் தெரிந்த ஒரு செய்தி. கேள்வி இல்லாததை வெளியிடாதே. பத்து மார்க் கொடுப்பதானால் ஐந்து மறுமொழிக்குப் போகட்டும்.

"உனக்குப் பிடித்ததை எழுது" என்று விட்டால் பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாறாத நாலைந்து கேள்விகளைக் கொடு. 2012இல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளியில் போடும் மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதிய வலைப்பூ உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. தினமும் தட்டை ஒரு படம் எடுப்பாள். சாப்பாட்டுக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் சாப்பிட்டேன், உடம்புக்கு நல்லதா, விலை என்ன, தலைமுடி கிடந்ததா என்று அதே வரிசையில் எழுதுவாள். வரிசை மாறாததால் எழுதுவது சுலபம், ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடவும் முடிந்தது. இன்னொன்றையும் கவனி. அந்த ஜூன் மாதம் உள்ளாட்சி நிர்வாகம் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பவும் மறுநாளே விலக்கிக்கொண்டது. உனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்கு.

பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பிள்ளையின் பெயர் எப்படி வரும், படம் வருமா, யார் படிப்பார்கள் என்பதைப் படிவத்தில் தெளிவாகப் போடு. முழுப்பெயரும் ஊரும் பள்ளியும் ஒரே இடத்தில் வரவே கூடாது. பெயரின் முதல் எழுத்து போதும். முகம் வேண்டாம், கையும் செய்த வேலையும் தெரிந்தால் போதும். கேமராவில் இருப்பிடம் பதிவதை அணைத்துவிடு, இல்லாவிட்டால் எடுத்த இடம் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும்.

வலைப்பூ நடத்த கூகுளின் பிளாக்கரே போதும். தானாகக் கூகுள் கணக்குத் திறக்க 13 வயது ஆக வேண்டும், உன் வகுப்பில் 12 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். எனவே பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்காதே. பள்ளிக்கென்று ஒரு கணக்கு வைத்து, பதிவுகளை நீயே ஏற்று. கணக்கு இல்லாதவரும் மறுமொழி எழுதலாம் என்று வை. ஆனால் நீ பார்த்த பிறகே வெளிவரும்படி மட்டுறுத்தல் (மாடரேஷன்) என்ற அமைப்பை 'எப்போதும்' என்பதில் போடு. தேடுபொறியில் தெரிவதை நிறுத்திவிடு. தினம் சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி வந்ததைப் பார்த்து அனுமதித்துவிடு. மூன்று நாள் தாமதித்தால் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும், பிறகு எவ்வளவு தூண்டினாலும் வராது.

தட்டச்சுதான் பெரிய இடறல். பதிவு 120 சொல்லைத் தாண்ட வேண்டாம். முதலில் நோட்டில் எழுதி, பக்கத்துப் பிள்ளை வாய்விட்டுப் படித்து, திருத்திய பிறகே கணினிக்குப் போகட்டும். இணையத்தில் பார்த்து எழுதினால் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டப் பழக்கு. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்; ந-வை அடுத்து த வருவது போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. 'மமதை' என்று அடிக்கும்போது மட்டும் முதல் மகரத்துக்குப் பிறகு 'அ' தட்ட வேண்டும், இல்லையென்றால் 'ம்மதை' ஆகிவிடும். டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தால் வலைப்பூவில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்; இணையத்தில் எங்கும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

பிழைகளை மறுமொழியில் திருத்தாதே, கண்ணு. நாலு பேர் முன்னால் திருத்தினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை எழுதாது. ஒரு வாரம் ல, ள, ழ, அடுத்த வாரம் ஒற்று மிகும் இடம் என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லு.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளை மறந்துவிடாதே. அந்த வாரப் பதிவுகளை ஏ4 தாளில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, கீழே வெள்ளைத்தாள் ஒன்று தொங்கவிடு. அதில் எழுதுகிற மறுமொழியை யாராவது தட்டச்சு செய்து ஏற்றட்டும். பரீட்சை வாரத்தில் விடுமுறை என்று முன்கூட்டியே ஒரு பதிவு போடு. ஆண்டு முடிவில் பிளாக்கர் அமைப்புகளில் போய் மொத்தத்தையும் பின்சேமிப்புக் (பேக்கப்) கோப்பாக இறக்கி, பள்ளிக் கணினியிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்.

ஒப்புதல் படிவத்தை எழுதியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா