குளத்தங்கரையில் கூட நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நெல்லைக் குளங்களில் ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒருவழியாக முடிந்தது. தாள்களைச் சரிபார்த்து அனுப்பியாயிற்று. 1987-லிருந்து ஆசிய நாடுகள் பலவற்றிலும் இதே மாதம் நடக்கிற வேலைதான். பைனாகுலரும் கையுமாக நிற்பவர்களின் படம் எப்படியும் வெளியே வந்துவிடும். படத்தில் வராதவர்களுக்கு இந்த மடல்.

முதலில் மடைக்காரர் ஐயாவுக்கு. வண்டி எதுவரை போகும், எங்கே சகதி, பறவை எந்த மூலையில் ஒதுங்கும் என்று மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினீர்கள். முக்குளிப்பானைப் பார்த்துவிட்டு, “முங்கினதை எப்படி எண்ணுவிய தம்பி?” என்று கேட்டீர்களே, அதற்கு எங்களிடம் வித்தை ஒன்றும் கிடையாது. மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாத்து மேய்க்கும் அண்ணனுக்கு நன்றியோடு மன்னிப்பும். பெரிய கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைக் கண்ணில் வாங்கி, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போவோம். அன்று பனிமூட்டத்தில் அப்படி முந்நூறை நெருங்கும்போது நீங்கள் கம்போடு வந்து, “அது நம்ம வாத்துல்லா!” என்றீர்கள். தாளில் அடித்த கோடு இன்னும் இருக்கிறது. அப்புறம் உங்கள் வாத்துகளைக் கரையேற்றி அரைமணி நேரம் நிறுத்திவைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் நாணலோரம் இருந்த நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் எங்கள் கண்ணில் பட்டன.

கல்லூரித் தம்பி தங்கைகளே, நாமக்கோழிக் கூட்டத்தில் இரண்டு பேர் எண்ணிக்கை ஒத்துவராதபோது, படமெடுத்து, ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்து, நள்ளிரவு வரை உட்கார்ந்தீர்கள். நான் சொன்னதுதான் தப்பு. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து சேரும் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு என்ன சொல்ல? பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர். இமயத்தைத் தாண்டி வந்திருந்த பட்டைத்தலை வாத்துகளைப் பற்றி, “நேத்து சாயந்தரம் வயலுக்கு மேயப் போச்சு, இன்னும் திரும்பலை” என்று வீட்டு விருந்தாளியைச் சொல்வதுபோலச் சொன்னார் ஒரு பாட்டி. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தோம். வந்தன.

கடைசியாக, எங்களுக்காக விடியுமுன் அடுப்பு மூட்டிய டீக்கடை அக்காவுக்கு. நாலு டீக்குக் காசு பாக்கி என்று இப்போதுதான் தெரிந்தது. பறவையை எண்ணிய மும்முரத்தில் டம்ளரை எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து தருகிறேன் அக்கா.

அன்புடன்,
கணக்கெடுப்புக் குழுவில் ஒருவன்