நட்டின் மேல் ஒரு கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஒற்றை விரலால் தட்டுகிறேன், நேற்று ராத்திரி பாதி எழுதி அது எங்கேயோ அழிந்துபோய், இன்று மறுபடி முதலில் இருந்து. சாரல் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் பிரானூர் பார்டரில் பரோட்டா தின்ன வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், சாயங்காலம் ஆனால் ரோட்டைத் தாண்ட முடிவதில்லை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பின்பக்கத் தென்னையில் ஒன்று போய்விட்டது, வண்டு. சின்ன மாமா வீட்டு விஷயம் முடிந்த மாதிரிதான், நீ அதைப் பற்றி அம்மாவிடம் கேட்காதே.

மூன்று ஞாயிறாக நீ பேசவில்லை. வேலை இருக்கும். மருமகளும் அதைத்தான் சொன்னாள், நான் குறையாகச் சொல்லவில்லை. பேரன்தான் போன வாரம் குரல் அனுப்பியிருந்தான், "தாத்தா, அப்பாவுக்கு இன்னும் மூணு மணி நேரம்தான் பாக்கி, அப்புறம் நான் ஏறலாம்" என்று. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்தது, அங்கே அமெரிக்காவில் வீட்டில் செய்த விமானத்தை முதலில் சோதனைக்காக மட்டும் ஓட்டி முடிக்க வேண்டும், அதுவரை வேறு யாரையும் ஏற்றிக்கொண்டு சுற்றக் கூடாது என்று. எஞ்சினும் இறக்கையும் சான்றிதழோடு ஜோடியாக வந்தால் 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. இறக்கை என்று எழுதிவிட்டேன், முன்னால் சுற்றுகிற விசிறியைச் சொல்கிறேன். நீ பழைய எஞ்சினை வாங்கிப் பிரித்துச் சேர்த்தவன், உனக்கு 40.

அந்த 40 முடியப்போகிறது. அம்மாவுக்குச் சந்தோஷம், பேரன் பறக்கப்போகிறான் என்று எதிர்வீடு, பால்காரர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. நானும் சொல்லாமல் இல்லை. செங்கோட்டை 1956-இலேயே தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டாலும் நம் டீக்கடைக்கு இன்னும் மலையாளப் பத்திரிகை வருகிறது, அதை வைத்துக்கொண்டு ஒருவர் தொடுபுழைக்காரர் சஜி தாமஸ் கதையைச் சொன்னார், காது கேட்காது, வாய் பேச வராது, தானே ஒரு சின்ன விமானம் செய்து நம் அம்பாசமுத்திரம் பக்கம் கொண்டுவந்து பறக்கவிட்டாராமே, அவர். நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருத்தன் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறான் என்று போனை எடுத்து எல்லாப் படத்தையும் காட்டினேன். வால் வந்த பெட்டி, ரிவெட் அடிப்பதற்கு முன் தகட்டைப் பிடித்துவைக்க நீ குத்தியிருந்த அந்த வெள்ளிக் கலர், செம்புக் கலர் கிளிக்கோக்கள் (முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது என்றார் கடைக்காரர்), மருமகள் தரையில் படுத்துக்கொண்டு இறக்கைக்குள் கையை விட்டு இரும்புக் கட்டியைப் பிடித்திருக்க நீ இந்தப் பக்கம் இருந்து அடிக்கிற படம். ஒரு ரிவெட் சாய்ந்துபோனால் கூட டிரில் போட்டுப் பிடுங்கிவிட்டு வேறு அடிக்கிறான் என்று சொன்னேன். ஒன்றைத் தவிர எல்லாப் படத்தையும் காட்டினேன்.

கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அந்த எச்சரிக்கைத் தகட்டையும் கடைக்காரர் படிக்கச் சொன்னார். இது அமெச்சூர் ஆள் கட்டியது, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்று ஏறுகிறவன் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டமாம். நல்ல சட்டம். எட்டு வயசுப் பையன் அதைப் படித்தால் சிரிப்பான். உன் அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொல்லவில்லை.

சரி, உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிளம்பும் முன்னால் ஒவ்வொரு டாங்கிலும் அடியில் இருந்து பெட்ரோல் பிடித்துப் பார், தண்ணீர் இருந்தால் கீழே தங்கி நிற்கும். லாரியில் டீசலோடு தண்ணீர் போனால் ஓரம் கட்டிவிடலாம், உனக்கு ஓரம் கிடையாது. ஆயில் மாற்றும்போது பில்டரை அறுத்து உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் துகள் இருக்கிறதா பார். சைலன்சரில் விரிசல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவு, ஹீட்டருக்குக் காற்று அதைச் சுற்றித்தான் வருகிறது, புகை உள்ளே வந்தால் தூக்கம்தான் வரும், வேறொன்றும் தெரியாது. எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார். பகலாக இருந்தாலும் டார்ச் அடித்துப் பார். வால் பக்கம் போய்க் குனிந்து டார்ச் அடித்துப் பார்.

போன மாசம் இதையே ஆரம்பித்தபோதுதான் "அப்பா, இது லாரி இல்லை" என்றாய். ஆமாம், இல்லை. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குப் பொறி கொடுக்க எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ, ஒன்று போனாலும் மற்றது இழுக்கும் என்று நீதான் எனக்கு விளக்கினாய், நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவனுக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. ஆனால் நட்டு நட்டுதான் தம்பி. அது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

உன் சிநேகிதர்களிடம் போனைக் காட்டி நீ சொன்னதும் எனக்குக் கேட்டது. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு கலர்க் கோடு இழுப்பார்களே, நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்குமே, அதை அங்கே எல்லோரும் ட்யூபில் வாங்கிப் போடுகிறார்களாம், "எங்கள் அப்பா நான் நாலாம் வகுப்பு படிக்கும்போதே செங்கோட்டையில் அக்காவின் நகப்பூச்சை வைத்து இதைச் செய்தார்" என்று. அவர்கள் கைதட்டினார்கள். நான் கரண்ட் போய்விட்டது என்று போனை வைத்தேன். கரண்ட் போகவில்லை.

1994 ஐப்பசி. புனலூர்க்காரர் வைக்கோல் லாரி, ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று கொண்டுவந்து விட்டார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற டிராக் லிங்க் கம்பியின் பால் ஜாயின்ட்டைக் கழற்றிப் புதுசு போட்டு, தலையில் பல் வெட்டிய நட்டை முறுக்கி, ஓட்டைக்கு நேராகப் பல்லை நிறுத்திவிட்டேன். நட்டு கழலாமல் ஓட்டையில் குத்துகிற ஸ்பிளிட் பின் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துவிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன், காப்பி வாங்கிவரச் சொன்னேன், பேசினேன், திரும்பி வந்து அடுத்த பக்கச் சக்கரத்தில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் லோடு ஏற்றிக்கொண்டு மலையேறும்போது புளியரை எஸ் வளைவில் ஸ்டியரிங் விட்டுவிட்டது. பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறைப் பக்கம் சாய்ந்ததால் டிரைவர் கால் உடைந்ததோடு தப்பினார். அந்த இடது கால் பிறகு நேராகவே இல்லை.

சேதி வந்த சாயங்காலம் நான் முதலில் போய்ப் பார்த்தது உதிரிப்பொருள் எடுத்து வைக்கிற டப்பா மூடியைத்தான். புது ஸ்பிளிட் பின் அதில் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓனர் வந்தபோது அந்த வேலையைப் பையன் பார்த்தான் என்று சொன்னேன். பண்பொழிப் பையன், உனக்கு டயர் உருட்டக் கற்றுக்கொடுத்தானே, அவன்தான். அவர்கள் முன்னால் அவனை அடிக்கவும் செய்தேன். அவன் என்னைப் பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறுநாள் வரவில்லை. அவன் வீட்டில் விளையாட்டுப் பிள்ளை, ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ கூட இரண்டு நாள் அழுதாய். அதற்கு அடுத்த வாரம்தான் அக்காவின் நகப்பூச்சை எடுத்தேன். எதற்கப்பா என்று நீ கேட்டாய், அழகாக இருக்கும் என்றேன்.

போன தைப்பூசத்துக்குத் திருமலைக்கோவில் படியில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. "ஆசானே, தம்பி பிளேன் செய்யுறானாமே" என்று சிரித்தான். உன்னைப் பற்றி அவ்வளவு விசாரித்தான். நான் பேத்தி இருக்கிறாளா, எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். இது அம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

காட்டாத அந்த ஒரு படத்துக்கு வருகிறேன். சித்திரையில் நீ அனுப்பியது, வாலைத் திறந்து வைத்து எடுத்தது, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற வால் தகடு, அந்த எலிவேட்டரில் கம்பி வந்து சேருகிற இடம். பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். இடது பக்க நட்டில் பின் தெரிகிறது, கோடு தெரிகிறது. வலது பக்கம் பல் நட்டு இருக்கிறது, ஓட்டையில் ஒன்றும் இல்லை, கோடும் இல்லை. வேலை நடுவில் எடுத்த படமாக இருக்கும். நிழலாகவும் இருக்கலாம், என் கண் இப்போது முன்பு போல் இல்லை. கேட்டால் மறுபடி லாரிக்காரன் பேச்சு என்று நினைப்பாய் என்று இத்தனை நாள் கேட்கவில்லை. நீயோ பேசுவதே இல்லை. நீ பேசாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு வேலை நடுவில் யாராவது உன்னைக் கூப்பிட்டார்களா என்று யோசித்துப் பார். நீ பார்த்த பிறகு மருமகளையும் ஒரு தடவை பார்க்கச் சொல், அவள் கையால் அடித்த ரிவெட் பாதி, அவளுக்குத் தெரியும். அப்புறம் வலது பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, டார்ச் அடித்து. என் நம்பருக்கு அனுப்பு, அம்மா நம்பருக்கு வேண்டாம். பேரன் ஏறுவதற்கு முன்னால் அனுப்பு. இங்கே எந்நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா